வழி விடுவது வேறு, இடம் விடுவது வேறு

கடந்த ஆண்டு ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு, முகம் தெரியாத ஓர் இளைஞனின் வெற்றியை நான் பறித்தேன்.

அவன் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தான். நான் கடைசி. ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருந்தேன். அவன் நெருங்குவதைக் கண்ணாடியில் பார்த்ததும் பதறிப்போய், மரியாதையாக வலது பக்கம் ஒதுங்கினேன். அவனும் அதே நொடியில் என்னைக் கடக்க வலது பக்கம்தான் வந்திருந்தான். இரண்டு கார்களும் சுழன்று சரளைக் கற்களில் போய் நின்றன. பந்தயம் முடிய இன்னும் இரண்டே சுற்றுகள்.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவன் கோவையில் தன் அறையில் உட்கார்ந்திருந்தான். நான் தில்லி மயூர் விகாரில் என் மகனின் அறையில். நடுவே இருந்தது இணைய இணைப்பும் இரண்டு திரைகளும் மட்டுமே. ஆனாலும் என் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆயிற்று.

தமிழில் எம்.ஏ. படித்து, மொழிபெயர்ப்பும் பத்திரிகை வேலையுமாகக் காலம் தள்ளும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் கார்ப் பந்தய விளையாட்டில் என்ன வேலை? என் கணவரும் இதைத்தான் கேட்டார்.

எல்லாம் ஒரு கெட்ட வார்த்தையில் தொடங்கியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், தில்லி பஸ்களில் மட்டுமே நான் கேட்டிருந்த ஓர் இந்தி வசவு என் மகனின் அறையிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகவிருந்த பையன். பிறந்த நாள் பணத்தையெல்லாம் சேர்த்து, மேஜையில் பொருத்தும் ஒரு ஸ்டியரிங்கும் பெடல்களும் வாங்கியிருந்தான். படிப்பு கெடும் என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இருந்ததில்லை.

நடந்ததைத் திரையில் திரும்ப ஓட்டிக் காட்டினான். பந்தயம் தொடங்கிய முதல் திருப்பம். எல்லோரும் பிரேக் போடுகிறார்கள். பின்னால் வந்த ஒருவன் மட்டும் போடவில்லை. நேராக வந்து என் மகனின் காரில் மோதி, அதைச் சுவர்போலப் பயன்படுத்தித் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, அழகாகத் திரும்பிப் போய்விட்டான். என் மகன் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டான்.

எனக்கே கோபம் வந்தது. ஆனால் ஓட்டம் அங்கே நிற்கவில்லை. அதன் பிறகு என் மகன் பந்தயம் ஓட்டவில்லை, வேட்டைக்குக் கிளம்பிவிட்டான். பாதையோரம் காத்திருந்து, அந்தக் கார் அடுத்த சுற்றில் வந்தபோது பக்கவாட்டில் மோதித் தடுப்புச் சுவரில் தள்ளினான். விளையாட்டை நடத்தும் கம்ப்யூட்டர் இருவருக்குமே நன்னடத்தைப் புள்ளிகளைக் குறைத்தது. வசவு வந்தது அப்போதுதான்.

“அவன்தானே ஆரம்பிச்சான்? சென்னாகூட இதைப் பண்ணியிருக்கார்மா” என்றான்.

பண்ணியிருக்கிறார். ஜப்பானின் சுசூகா டிராக்கில் 1989இல் அயர்ட்டன் சென்னாவும் அலென் புரோஸ்டும் மோதிக்கொண்டார்கள். அந்த ஆண்டின் உலகப் பட்டம் புரோஸ்டுக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதே சுசூகாவில், முதல் திருப்பத்திலேயே சென்னா புரோஸ்டை இடித்தார். இருவரும் வெளியேறினார்கள். பட்டம் சென்னாவுக்கு. வேண்டுமென்றேதான் செய்தேன் என்று 1991இல் அவரே ஒப்புக்கொண்டார்.

மேற்கோளுக்கு எதிர் மேற்கோள் தேடுவது எங்கள் தொழில் பழக்கம். நானும் தேடினேன். 1958 போர்ச்சுகல் பந்தயத்தில், தவறான திசையில் கார் ஓட்டினார் என்று மைக் ஹாதோர்னின் இரண்டாம் இடத்தைப் பறிக்கப் பார்த்தார்கள். அவருக்காக அதிகாரிகளிடம் சாட்சி சொல்லிக் காப்பாற்றியவர் அவருடைய போட்டியாளரான ஸ்டர்லிங் மோஸ். அந்த ஆண்டு மோஸ் நான்கு பந்தயங்களில் வென்றார், ஹாதோர்ன் ஒன்றில்தான். இருந்தும் புள்ளிக் கணக்கில் ஹாதோர்ன் 42, மோஸ் 41. ஒரே ஒரு புள்ளியில் உலகப் பட்டம் கைமாறியது.

என் மகன் கவனமாகக் கேட்டான். “மோஸ் அப்புறம் ஒரு தடவையாவது சாம்பியன் ஆனாரா?” என்றான்.

கடைசிவரை ஆகவில்லை. என்னிடம் பதில் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மொழிபெயர்ப்பு வேலை வந்தது. யாரோடு வேண்டுமானாலும் மோத வேண்டிய பொதுப் பந்தயங்கள் வெறுத்துப்போய், என் மகன் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு தனிக் குழுவில் சேர்ந்திருந்தான். எல்லோரும் தமிழர்கள். கோவை, மும்பை, பெங்களூர், மஸ்கட் என்று சிதறிக் கிடப்பவர்கள். நேரில் சந்தித்ததே இல்லை. சனிக்கிழமை தோறும் பந்தயம். விதிகளை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். திருப்பூரில் ஒர்க் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு அது பாதிதான் புரிந்தது. “எங்கம்மா தமிழ் எம்.ஏ.” என்று இவன் பெருமையடித்துவிட்டு வந்துவிட்டான்.

இரண்டு பக்கம், ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். நான்கு நாள் பிடித்தது.

முதல் வரியே தகராறு செய்தது. ‘கிளீன்’ ஆக ஓட்ட வேண்டுமாம். சுத்தமாக ஓட்டு என்று எழுதினேன். “அவனுக்குச் சுத்தமா ஓட்டத் தெரியாது” என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று நினைத்துப் பார்த்து அடித்துவிட்டேன். ‘ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்’ இன்னும் மோசம். விளையாட்டு உணர்வு என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ஆனால் நம் மொழியில் விளையாட்டு என்ற சொல்லே பொறுப்பைக் கழற்றி வைப்பதற்கு உதவுகிறது. “விளையாட்டுக்குச் செய்தேன்”, “விளையாட்டாக இருந்துவிட்டேன்” என்றுதானே தப்பித்துக்கொள்கிறோம்? கடைசியில் ‘பெருந்தன்மை’ என்று தலைப்புப் போட்டேன். எழுதியபோது திருப்தியாகவே இருந்தது.

விதிகள் எளிமையானவை. மோதாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முதலில் பின்னால் வருபவருடையது. திருப்பத்துக்குள் நுழையும்முன் ஒருவர் உன் பக்கவாட்டில் வந்துவிட்டால், அவருக்கு ஒரு காரின் அகலம் இடம் விட வேண்டும். எங்கோ பின்னாலிருந்து பிரேக்கைத் தாமதமாகப் போட்டுக் கடைசி நொடியில் உள்ளே பாய்ந்தால் அந்த உரிமை இல்லை. பாதையை விட்டு வெளியே போனவர், வருகிற கார்கள் கடந்த பிறகே திரும்ப ஏற வேண்டும். தெரியாமல் இடித்து முன்னே வந்துவிட்டால், காத்திருந்து அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எழுதியவற்றைப் புரிந்துகொள்ளத்தான் நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஒரு மாதம் தனியாக ஓட்டிப் பழகினேன். ஒருநாள் ஆள் குறைந்தபோது குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றுதான் அந்தக் கோவைப் பையனின் வெற்றியைக் கெடுத்தேன்.

மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். வசவு வருமென்று எதிர்பார்த்தேன்.

“பரவால்லீங்க ஆன்ட்டி” என்றது குரல். “ஆனா அடுத்த தடவை விலகாதீங்க. நீங்க பாட்டுக்கு உங்க லைன்லயே போங்க, சுத்திப் போறது என் வேலை. நீங்க எங்க போவீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதுங்க.”

இரவு முழுக்க இந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒதுங்கி வழி விடுவதே மரியாதை என்று வளர்ந்தவள் நான். தில்லியில் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். என்னைப் போலப் பண்பாக ஓட்டுபவர்கள் இந்த ஊரில் குறைவு என்று ஓர் எண்ணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் விகாஸ் மார்க்கில் ஒரு பெரியவர் சாலையைக் கடக்கத் தவித்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிறுத்தி, போங்கள் என்று கை காட்டினேன். என் இடது பக்கமாக வந்த ஸ்கூட்டருக்கு அவர் தெரியவில்லை. ஒரு சாண் இடைவெளியில் தப்பினார். அந்த ஸ்கூட்டர்காரனை நெடுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். பெரியவருக்கு வழி விட்டது தப்பில்லை. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நிற்கப் போகிறேன் என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். என் பெருந்தன்மை எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

காலையில் எழுந்து தலைப்பை மாற்றினேன். பெருந்தன்மையை அடித்துவிட்டு ‘நாணயம்’ என்று எழுதினேன். கடைக்காரரையும் கடன் வாங்கியவரையும் பற்றிச் சொல்வோமே, அந்த நாணயம். இவர் அடுத்து என்ன செய்வார் என்று நம்பி நாம் நம் காரியத்தைப் பார்க்கலாம் என்பதே அதன் பொருள். மணிக்கு இருநூறு கிலோமீட்டரில் பக்கத்துக் காரோடு சேர்ந்து திரும்புகிறவனுக்கு வேண்டியது அதுதான்.

இதைக் கம்ப்யூட்டரால் அளக்க முடியுமா? முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2008இல் தொடங்கிய ஐரேசிங், ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் தருகிறது. பாதையை விட்டு விலகினால் ஒரு புள்ளி, இன்னொரு காரோடு பலமாக மோதினால் நான்கு புள்ளி என்று கணக்கில் ஏறும். தவறு யாருடையது என்று அது பார்ப்பதில்லை. இருவர் பெயரிலும் எழுதும். 2017இல் வந்த கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட், ஒழுங்காக ஓட்டுவது எப்படி என்ற இரண்டு வீடியோக்களைப் பார்த்து முடித்தால்தான் இணையப் பந்தயத்துக்குள் அனுமதித்தது. வேகத்துக்கு ஒரு தரம், நடத்தைக்கு ஒரு தரம் என்று தனித்தனியாகக் கொடுத்தது.

இடித்தவனுக்கும் இடிபட்டவனுக்கும் ஒரே தண்டனை என்பது அநியாயமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. யார்மீது தப்பு என்று வாதாடிப் பயனில்லை என்று தெரிந்தால், ஆபத்தான ஆளிடமிருந்து தள்ளி நிற்கக் கற்றுக்கொள்கிறோம். பொதுப் பந்தயங்களில் என் மகன் இப்போது முதல் திருப்பத்தில் சற்று முன்னதாகவே பிரேக்கைத் தொடுகிறான், பின்னால் இருப்பவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

மதிப்பெண் செய்யாத வேலையும் உண்டு. ஊரடங்குக் காலத்தில், 2020 மே மாதம், தொழில்முறை ஓட்டுநர்கள் இண்டியானாபொலிஸ் டிராக்கின் கம்ப்யூட்டர் வடிவத்தில் பந்தயம் ஓட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அங்கே நிஜமான 500 மைல் பந்தயத்தை வென்ற சிமோன் பஜெனோ, தன் பந்தயம் கெட்ட பிறகு, வேகமாக வந்துகொண்டிருந்த லாண்டோ நாரிஸின் பாதையில் வேகத்தைக் குறைத்தார். நாரிஸ் மோதினார். இடித்துத் தள்ளுவது தன் நோக்கமல்ல என்று பஜெனோ பின்னர் விளக்கம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதே டிராக்கில், நிஜமான காரில் உட்கார்ந்து, அப்படிச் செய்ய யாருக்கும் துணிவு வராது. உயிர் போகாது என்று தெரிந்த இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைத் திரை காட்டிக்கொடுத்துவிடுகிறது, பெரிய வீரர்களிடமும், என் மகனிடமும்.

எனக்கு இதில் என்ன கவலை என்றால், அவனுக்கு வரும் மார்ச் மாதம் பதினெட்டு வயது. எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். இந்தியச் சாலைகளில் 2022இல் மட்டும் 1,68,491 பேர் செத்தார்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. இந்த விளையாட்டு ஒருவனை நல்ல ஓட்டுநர் ஆக்கும் என்று நான் சொல்லவில்லை. மோதிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்ற பழக்கமும் அங்கேதானே இருக்கிறது?

டிசம்பரில் ஒருநாள் இவன் மூன்றாவதாக ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசிச் சுற்று. முன்னால் மும்பைப் பையன். ஒரு திருப்பத்தில் இவன் பிரேக் கொஞ்சம் தாமதமாகி, முன் காரின் பின்பக்கம் லேசாக உரசியது. அது தடுமாறி வெளியே அகன்றது. இவன் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டான். திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. புள்ளியும் குறையவில்லை. அடுத்த நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்து ஓரமாகப் போனான். மும்பைப் பையன் கடந்து போனான். அந்த இடைவெளியில் பின்னாலிருந்த இன்னொருவனும் கடந்து போனான். என் மகன் நான்காவது.

தியாகி போல வரவில்லை. ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்திவிட்டு வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டான்.

“பெனால்ட்டி ஒண்ணும் வரலையே. அப்புறம் ஏன்டா விட்டே?” என்றேன்.

“நீதானே தமிழ்ல எழுதிக் குடுத்தே?” என்று எரிந்து விழுந்தான்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு தோசை போட்டேன். பிறகு கேட்டேன்: “நாளைக்கு ரோட்டுல ஒருத்தன் நம்ம காரை இடிச்சுட்டு நிக்காமப் போறான்னு வை. துரத்துவியா?”

யோசித்தான். இல்லை என்று உடனே சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்தியிருக்கலாம். “தெரியலம்மா. வண்டியில உட்கார்ந்தாத்தான் தெரியும்” என்றான்.

எல்.எல்.ஆர். வந்ததும் முதல் ஒரு மாதம் பக்கத்து சீட்டில் நான்தான் உட்காரப்போகிறேன். சம்மதித்திருக்கிறான். பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். நான் ஓட்டும்போது திடீரென்று நிறுத்தி யாருக்கும் கை காட்டக் கூடாதாம்.