ஃப்ரீ சைஸ்

2020 ஊரடங்கில் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பெண்கள் வாட்ஸ்அப்பில் நைட்டி விற்கத் தொடங்கினோம். நால்வருக்கும் ஒரே மொத்த வியாபாரி, ஒரே புகைப்படங்கள். என் ஸ்டேட்டஸில் இருக்கும் மெரூன் பூப்போட்ட நைட்டி, எதிர்வீட்டு அக்காவின் ஸ்டேட்டஸில் பத்து ரூபாய் குறைவாக இருக்கும். நான் பதினைந்து குறைப்பேன். இப்படிக் குறைத்துக் குறைத்து ஒரு நைட்டிக்கு இருபது ரூபாய் லாபத்தில் வந்து நின்றது. கூரியர் கவரையும் பஸ் செலவையும் கழித்தால் அதுவும் இல்லை. அக்காவும் நானும் பேசிக்கொள்வதையே நிறுத்தியிருந்தோம்.

யூடியூபில் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். உங்களுக்கான 'நிஷ்' எது என்று கண்டுபிடியுங்கள், உங்கள் ஆர்வம் எதில் இருக்கிறதோ அங்கே சந்தை இருக்கும் என்று. காலை ஐந்தரைக்கு எழுந்து, மாமனாருக்கு வெந்நீர் போட்டு, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு, உட்கார்ந்து ஆர்வத்தைத் தேடவா முடியும்? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஓர் இரவு வாட்ஸ்அப்பின் தேடல் பெட்டியில் 'சாரி' என்று அடித்தேன்.

'சாரி சிஸ்டர், ஸ்டாக் இல்லை' என்று நானே அனுப்பியவை திரை நிறைய வந்தன. இரண்டு வருடத்தில் யாருக்கெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன் என்பதை ஒரு நோட்டில் எழுதினேன். வேறு நிறம் கேட்டவர்கள் கொஞ்சம், பால் கொடுக்க ஜிப் வைத்தது கேட்டவர்கள் கொஞ்சம். மீதிப் பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "ஃப்ரீ சைஸ்னா எனக்கு வருமாங்க?" "பாக்கெட் இருக்குங்களா?"

ஃப்ரீ சைஸ் என்று நாங்கள் விற்றது மார்புச் சுற்றளவு 46 அங்குலம். எனக்கு 50. நான் விற்ற நைட்டி எதையும் நான் போட்டதில்லை. கடைத்துணி எனக்குச் சேராது, அது என் உடம்பின் கோளாறு என்றே நாற்பது வயதுவரை நினைத்திருந்தேன். சந்தையில் ஒரு பொருள் குறைகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு திங்கட்கிழமை இரவு பவானியிலிருந்து பஸ் ஏறி ஈரோடு கனி மார்க்கெட்டுக்குப் போனேன். வாரச் சந்தை திங்கள் இரவே சூடுபிடித்துவிடும். 52, 54 கேட்டபோது, "அதெல்லாம் ஓடாதுங்க அம்மிணி, வேணும்னா துணியா எடுத்துத் தெச்சுக்குங்க" என்றார் ஒருவர். கிண்டலாகச் சொன்னாரோ என்னவோ, அதையேதான் செய்தேன். காட்டன் பிரிண்ட் துணி இரண்டு கட்டு எடுத்துவந்து பக்கத்துத் தெரு தையல்கார அக்காவிடம் கொடுத்தேன்.

முதல் மூன்றும் வீண். பெரிய சைஸ் என்றால் எல்லாப் பக்கமும் சமமாகப் பெரிதாக்கினால் போதும் என்று வெட்டினோம். தோள் முழங்கைப் பக்கம் சரிந்தது, கழுத்து வாயைப் பிளந்தது. அப்புறம்தான் புரிந்தது: உடம்பு பெருக்கிறபோது தோள் அந்த அளவுக்கு வளர்வதில்லை. மார்பும் இடுப்பும் கையின் சதையும்தான் கூடுகின்றன. தோளை முக்கால் அங்குலம் மட்டும் கூட்டி, ஆம்ஹோலை இறக்கி, கையை அகலமாக்கினோம். நாலாவதை நான் போட்டுப் பார்த்தேன். இரண்டு கையையும் தூக்கிக் கொடியில் துணி போடுகிற மாதிரி நின்றேன். அக்குளில் பிடிக்கவில்லை. அக்கா, "கழட்டாதே, இன்னிக்கு அதோடவே இரு" என்றார்.

பாக்கெட்டுக்குக் கைத்துணி போதும். கூலி ஐந்து ரூபாய் கூடும். வலப்பக்கத் தையலில் செல்போன் நிற்கிற ஆழத்துக்கு வைத்தோம். வாங்கிய ஒருவர், "உள்பக்கம் ஒண்ணு, ஜிப் வெச்சு, வெளியே தெரியாம வருமா?" என்று கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்தடுத்து அதையே பலர் கேட்டார்கள். கவர்மேல் சைஸ் எழுதாமல் அனுப்பச் சொன்னவர்களும் உண்டு.

விலையில்தான் தடுமாறினேன். 46-ஐவிட 56-க்கு முக்கால் மீட்டர் துணி அதிகம் போகிறது. சைஸுக்கு ஏற்ப விலை வைப்பதுதான் நியாயம் என்று முதல் மாதம் அப்படியே விற்றேன். சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "குண்டா இருக்கறதுக்கு அபராதமா?" என்றார். துணிக்கணக்கைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, வாங்காமல் போனை வைத்தார். இப்போது 48-க்குக் கீழே விற்பதில்லை. 48-இலிருந்து 58 வரை ஒரே விலை, 480 ரூபாய். வியாபாரம் தெரியாதவள் என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு நைட்டிக்குச் சராசரியாக 110 ரூபாய் நிற்கிறது. தெருவில் யாரும் என்னோடு விலை குறைத்து மோதுவதில்லை. எதிர்வீட்டு அக்கா தனக்கே இரண்டு வாங்கினார்.

பிறகு பெங்களூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கேட்கத் தொடங்கினார்கள். மாநிலத்துக்குள்ளேயே விற்றால் ஆண்டுக்கு 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லை தாண்டித் துணி அனுப்ப வேண்டுமென்றால் முதல் ரூபாயிலிருந்தே தேவை. உத்யம் பதிவு செய்தபோது ஆதாரும் பான் கார்டும் போதுமாக இருந்தது. காசும் கிடையாது, யாருடைய கையெழுத்தும் கேட்கவில்லை. ஜிஎஸ்டி அப்படியில்லை. தொழில் நடக்கும் இடத்துக்கு அத்தாட்சி வேண்டும். இடம் நம் பெயரில் இல்லையென்றால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும்.

பதினெட்டு வருடமாகக் கூட்டித் துடைக்கிற வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. கடிதத்தை நானே அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு, அவர் மேஜையில் வைத்தேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். நாளிதழ்கள் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறின. கணவரிடம் சொன்னேன்; அவரும் அப்பாவிடம் "ஞாபகப்படுத்தறேன்" என்றார். அந்த நாட்களில் பாலக்காட்டுக்கு நான்கு 'சாரி' அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் தையல்கார அக்காவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் மின்கட்டண ரசீதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய அம்மா மகனை விட்டுவிட்டு அவருக்கு எழுதிவைத்த வீடு. வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அவர் பெயரில். முன்னறையை மாதம் 1,500-க்கு எனக்கு வாடகைக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. துணிக்கட்டுகளை அன்று மாலையே அங்கே மாற்றினேன்.

பன்னிரண்டாம் நாள் மாமனார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாங்கிப் பீரோவில் வைத்தேன். வாடகை எதற்கு, வீட்டிலேயே இடம் இருக்கிறதே என்று இன்னமும் கேட்கிறார்கள். பதில் சொல்ல நேரமில்லை. 58 அளவில் ஆம்ஹோல் இன்னும் அரை அங்குலம் இறங்க வேண்டும் என்று பாலக்காட்டுக்காரர் எழுதியிருக்கிறார்.