தகரத்துக்கு அடியில்

விபத்துக்குள்ளான வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தகரத்தையே பார்க்கிறார்கள். எங்கே நசுங்கியது, பூச்சு எவ்வளவு போயிற்று, விளக்கு உடைந்ததா என்பவைதாம் கேள்விகள். காப்புறுதி மதிப்பீட்டாளர் எடுக்கும் படங்களிலும் அவையே விழுகின்றன. தகரம் தட்டி நிமிர்த்தப்பட்டுப் பூச்சும் அடித்தாயிற்றென்றால் வண்டி குணமாகிவிட்டது என்று உலகம் கொள்கிறது. ஆனால் மனித உயிரைத் தாங்கி நிற்பது தகரம் அன்று. அதற்கு அடியிலே, சேற்றுக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் இடையே, எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் சில தண்டுகளும் புஷ்களும் வில்பட்டைகளுந்தாம். கூரை ஒழுக, லயத்துச் சுவருக்கு மட்டும் வெள்ளையடிக்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்த மலையக மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புத்தளையைச் சூழ்ந்த தோட்டங்களில் வான் என்பது ஆடம்பரப் பொருள் அன்று. காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வருவதும், நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளைத் தியத்தலாவை வைத்தியசாலைக்குக் கொண்டோடுவதும் அதே வான்தான். அது ஓடும் பாதையோ பெரும்பாலும் தோட்டத்துக்குரியது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட மக்களுக்கென்று பொதுப் பணத்தைச் செலவிடப் பிரதேச சபைகளுக்குத் தடையாய் நின்றது. அந்தச் சட்டத்தைத் திருத்த 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்த குழிகளின் கணக்கு, இன்று ஒவ்வொரு வண்டியின் அடிப்பாகத்திலும் எழுதப்பட்டிருக்கிறது.

குழி ஒரு புறம், பள்ளத்தாக்கு மறு புறம். 2021 மார்ச்சில் பசறைக்கு அருகே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் அவ்வாறே நேர்ந்தது. அவற்றின் காரணங்களை நான் இங்கு ஆராய முற்படவில்லை. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் சமவெளியில் அது தொந்தரவு. எங்கள் வீதிகளில் அது வேறு விஷயம்.

எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் வானொன்று, பெரகலையிலிருந்து ஏறி வரும் வீதியில், மூடுபனிக்குள் லொறி ஒன்றுடன் மோதிக்கொண்டது. வானின் வலது முன்மூலை நசுங்கியது. சாரதி இடப்பக்கம் ஒடித்ததில் பின் இடச் சக்கரம் மதகுக் கல்லிலும் அடிபட்டது. நல்ல வேளையாக ஒருவருக்கும் காயமில்லை. நகரத்துப் பெரிய கராஜ் ஒன்று முன்பக்கத்தைச் சீர்செய்து, முன் சக்கரங்களைக் கணினியில் நேர்ப்படுத்தி, அச்சிட்ட தாளொன்றையும் கொடுத்தது. ஆயினும் வண்டி வலப்பக்கம் இழுத்தது. இடையிடையே ‘டொக்’கென்று ஓர் ஒலியும் எழுந்தது. “ரோட்டுச் சரிவு, பழகிப்போகும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதன் பின்னரே சாரதி எங்கள் பாஸிடம் போனான். தச்சராயினும் மேசனாயினும் மெக்கானிக்காயினும், கைத்தொழில் வல்லவரைப் ‘பாஸ்’ என்றழைப்பது இந்நாட்டு வழக்கு. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல் அது. தலைவன் என்று பொருள். எங்கள் பாஸ் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தோட்டத்து லொறிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் கற்றவர்.

“ரோட்டுச் சரிவா? நாம ஓட்றது இடப்பக்கம், தம்பி. தண்ணி வழிய ரோடும் இடப்பக்கந்தான் சரியும். ஒன் வண்டி வலப்பக்கம் இழுக்குதே!” என்றார்.

பெரிய கராஜின் விளக்கம் அந்த ஒரு வாக்கியத்தில் வீழ்ந்தது.

ஒலி எங்கே கேட்கிறது என்று அவர் வினவவில்லை. எப்போது கேட்கிறது என்றே வினவினார். காரணம் கேட்டேன். தகரக் கூட்டுக்குள் ஒலி அலையும், பின்னால் எழுந்தது முன்னால் கேட்கும், ஆகவே இடத்தை நம்பலாகாது, நேரத்தை நம்பலாம் என்றார். மெதுவாகச் சிறு குழிகளில் இறங்கும்போது ‘கடகட’வென்றால் பால் ஜொயின்டையோ இணைப்புத் தண்டுகளையோ பார்க்க வேண்டும். வேகத்தோடு ஏறும் இரைச்சல் பெயாரிங்கினுடையது. வலப்புறம் வளைகையில் அது கூடினால், பாரம் சாய்கிற இடப்பக்கத்துப் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். கிரீச்சிடுவது பெரும்பாலும் கிழிந்த புஷ். இந்த வானிலோ ஒலி புறப்படும்போது ஒரு தரம், பிரேக் பிடிக்கும்போது ஒரு தரம் எழுந்தது. முன்னும் பின்னுமாக ஏதோ ஒன்று நகர்கிறது என்பதே அதன் பொருள்.

இழுப்புக்கும் அவரிடம் ஒழுங்கு இருந்தது. முதலில் காற்றை அளந்தார். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தார். இழுப்பும் பக்கம் மாறியிருந்தால் குற்றம் டயருடையது. மாறவில்லை. சிறிது தூரம் ஓட்டி வந்து சக்கரங்களின் நடுப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அறியலாம். சுடவில்லை. பிறகு டயர்களை நனைத்து, உலர்ந்த சீமெந்துத் தரையில் வண்டியை நேராக உருட்டச் சொன்னார். பின் சக்கரத் தடங்கள் இரண்டும் முன் சக்கரத் தடங்களினின்று இடப்பக்கமாக விலகிக் கிடந்தன. வண்டி நண்டைப்போல் நடந்துகொண்டிருந்தது!

தூக்குக்குண்டும் சோக்குக் கட்டியும் அளவு நாடாவும் வந்தன. பின் வில்பட்டையின் முன் ஆணியிலிருந்து அச்சு வரை இரு பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒரு விரற்கடை அதிகம். வில்பட்டைகளைக் கோத்து அச்சை அதன் இடத்தில் நிறுத்தும் நடு போல்ட் இரண்டாகத் துண்டித்திருந்தது. மதகுக் கல்லில் அடிபட்ட கணத்தில் போயிருக்க வேண்டும். அச்சு கோணியதால் பின் சக்கரங்கள் இடப்பக்கம் நோக்கின. பின்பாகம் இடப்பக்கம் ஒதுங்க, வண்டியின் முகம் வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளை நோக்கித் திரும்பியது. அத்தனை நாளும் பிள்ளைகள் அதிலேதான் வந்தார்கள்.

முன்னாலும் ஒன்று அகப்பட்டது. புதிதாய்க் கறுப்புப் பூசிய ஸ்டியரிங் தண்டைச் சுரண்டினார். அடியில் இரும்பு நீலம் பாரித்திருந்தது. நெருப்பில் காய்ச்சி நிமிர்த்திய அடையாளம் அது. காய்ச்சிய உருக்கு தன் உரத்தை இழக்கும். ஸ்டியரிங் உறுப்பை நிமிர்த்தவும் கூடாது, ஒட்டவும் கூடாது. மற்ற உறுப்புகளைப் பஞ்சிகாவத்தையில் பாவித்ததாக வாங்கலாம், இதை மட்டும் புதிதாய்த்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்.

சாரதியின் முகம் சுருங்கியது. அவனைக் குறைகூற மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022 இன் நெருக்கடியும் வந்து போயிற்று. பழைய வண்டியைத் தவிர அவனுக்கு வேறு கதியில்லை. காப்புறுதிப் பணமோ முன்பக்கத் தகரத்திலும் பூச்சிலும் தீர்ந்துவிட்டது. மதிப்பீட்டுத் தாளில் பின் அச்சு இடம்பெறவேயில்லை. இவ்வளவுக்கும் நடு போல்ட்டின் விலை, ஒரு கதவுக்குப் பூச்சடித்த செலவில் மிகச் சிறு பங்கு. 2008 இல் தொடங்கிய ஆண்டுப் பரிசோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். அது வண்டி விடும் புகையை அளப்பதற்காக ஏற்பட்டது.

தண்டின் விலையைப் பெற்றோர் சிலர் பகிர்ந்துகொண்டனர். கொழுந்துக் காசில் எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்படி பாஸை நான் அழைத்தேன். “நான் என்ன மாஸ்டர் படிச்சுக் குடுக்கிறது?” என்று இருமுறை மறுத்தார். மூன்றாம் முறை, சலவைச் சட்டையணிந்து, தூக்குக்குண்டைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அதே வானைப் பாடசாலை முற்றத்தில் நிறுத்தி அவர் அளந்து காட்டியபோது, நாடாவின் மறு முனையைப் பிடித்து நின்றது அதில் நாள்தோறும் வரும் ஒரு சிறுமி.