எட்டு மாதம் பூட்டிக் கிடந்த பிரிண்டர்



புனேயிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பேத்தி நலம். வந்ததிலிருந்து ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்.

மகளின் பிரசவத்துக்காக மார்ச்சில் கிளம்பியவர்கள் நவம்பரில்தான் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் மாலையே எங்கள் தெருவின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். "சார், டிசம்பர்ல அரையாண்டு. மாதிரி வினாத்தாள் எடுத்துத் தருவீங்களா?" ஓய்வுபெற்ற பிறகு நான் செய்கிற ஒரே உருப்படியான வேலை அதுதான். டேங்க் வைத்த இங்க்ஜெட் பிரிண்டரை வாங்கியதே அதற்குத்தான்.

பெருமையாக ஸ்விட்ச்சைப் போட்டேன். நான்கு டேங்கிலும் மை முக்கால்வாசி இருந்தது. ஆனால் வெளியே வந்த தாளில் சிவப்பும் மஞ்சளும் விட்டுவிட்டு விழுந்திருந்தன, கறுப்பு அறவே இல்லை. பஜார் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "ஹெட் போச்சு சார். மாத்தற காசுல கொஞ்சம் சேர்த்துப் போட்டா புதுசே வாங்கிடலாம்" என்று போய்விட்டார்.

இப்போது ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள், பக்கத்துத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் வந்தான். "சார், இங்க்ஜெட்டைச் சும்மா போட்டா காய்ஞ்சிடும். சாவி குடுத்துட்டுப் போங்க, மாசம் ஒரு பக்கம் எடுத்து வைக்கிறேன்" என்றான். "வேண்டாம்ப்பா, வந்து பாத்துக்கறேன்" என்றேன். உண்மைக் காரணம், என் மையில் இவன் கடைக்கு நோட்டீஸ் அடித்துக்கொள்வானோ என்ற நினைப்பு. பின்பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதைத் தவிர அப்படி நினைக்க என்னிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. அவன் முகம் சுண்டிப்போனதைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

கடைக்காரர் கைவிட்டதும் அவனைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. கடையை மூடிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "போகும்போது எப்படி சார் ஆஃப் பண்ணீங்க?"

ஆட்டோ வாசலில் நிற்க, ரயில் டிக்கெட்டை அச்செடுத்து, தாள் வெளியே வந்த கையோடு சுவர் ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அதுதான் தப்பு என்றான். பிரிண்டரின் சொந்தப் பொத்தானை அழுத்தினால் அது உடனே அணைவதில்லை. ஹெட்டை ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் ரப்பர் மூடியில் பொருத்திவிட்டுத்தான் அணையும். அதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தினால் ஹெட் திறந்தபடியே நின்றுவிடலாம். மை வரும் துளைகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. மையில் பெரும்பகுதி தண்ணீர். பூட்டிய வீடு, அதில் ஒரு கத்திரி வெயில். தண்ணீர் போய்ச் சாயம் மட்டும் துளையில் உறைந்துவிட்டது. ஆவியாதல் பாடத்தை முப்பத்தொரு வருடம் நடத்தியவனுக்கு இதை அவன் சொல்ல வேண்டியிருந்தது!

உங்களுக்கு நினைவிருக்கும், கோடை விடுமுறை முடிந்து ஜூனில் மைப்பேனாவைத் திறந்தால் எழுதாது. வெந்நீரில் நிப்பை ஊறப்போட்டு உதறுவோம். வகுப்புச் சுவரெல்லாம் நீலப் புள்ளி. இதுவும் அதே கதைதான், பேனாவுக்கு ஒரு வாய், இதற்கு நூற்றுக்கணக்கில்.

ஹெட் கிளீனிங்கை இரண்டே தடவை ஓட்டினான். எனக்கு அவசரம், இன்னும் பத்துத் தடவை ஓட்டு என்றேன். மறுத்துவிட்டான். ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு உள்ளேயிருக்கும் பஞ்சுக்குத்தான் போகிறதாம். அந்தப் பஞ்சு நிரம்பினால் அது ஒரு தனிச் செலவு. காய்ச்சி வடித்த நீரில் நனைத்த நூல் பிரியாத துணியை ஹெட்டுக்கு அடியில் வைத்து, ராத்திரி முழுக்க ஊற விட்டான். மறுநாள் நீலமும் சிவப்பும் வந்தன. கறுப்பில் சாயத்துக்குப் பதில் நுண்துகள் கலந்த மை என்பதால் பிடிவாதம் பிடித்தது. மூன்றாம் நாள் இரவு அதுவும் வந்தது. மஞ்சளில் இன்னும் ஒரு கோடு விட்டுப்போகிறது. வினாத்தாளுக்கு மஞ்சள் எதற்கு?

காசு நீட்டினேன், வாங்கவில்லை. சாவி தராததற்கு மன்னித்துக்கொள்ளப்பா என்றேன். "அட, விடுங்க சார்" என்று ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டான். இங்கே அவன் பேரைப் போடவில்லை. படித்தால் அவனுக்குத் தெரியும்.

வெளியூர், வெளிநாடு போகும் சொந்தங்களே, பிரிண்டரை அதன் பொத்தானில் அணைத்து, விளக்கு முழுதாக அணைந்த பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். மையையோ கார்ட்ரிட்ஜையோ கழற்றி வைக்காதீர்கள். கழற்றினால்தான் காற்றுப் புகும். டேங்க் பிரிண்டரைச் சாய்த்தோ நிறுத்தியோ வைத்தால் மை வழியும். வெயில் விழாத இடத்தில் மட்டமாக வைத்து, தட்டிலிருக்கும் தாளை எடுத்துவிட்டு, துணி போட்டு மூடுங்கள். (என்னுடையதற்குள் ஒரு பல்லியும் குடியிருந்தது.) இவ்வளவு செய்தாலும், மாதம் ஒருமுறை எல்லா நிறமும் விழும்படி ஒரு பக்கம் எடுப்பதற்கு ஈடாகாது. அதற்கு வீட்டைத் திறக்க ஓர் ஆள் வேண்டும்.

ஏப்ரலில் பேத்திக்கு முதல் பிறந்த நாள். மறுபடியும் புனே, இரண்டு மாதமாவது ஆகும். சாவிக்கு நேற்றே ஒரு நகல் செய்து அவன் கடையில் கொடுத்துவிட்டேன். ஒரு கட்டுத் தாளும் வாங்கி வைத்திருக்கிறேன், அவன் கடை நோட்டீஸையும் அதிலேயே அடித்துக்கொள்ளட்டும்.