மிளகுக் காலத்துல லெவல் ஒன்

போன பிப்ரவரியில சி.எஃப்.ஏ. லெவல் ஒன் எழுதி பாஸ் பண்ணினேன். அதுல இருந்து டிபார்ட்மென்ட்ல யாரைப் பார்த்தாலும் "எத்தனை மாசம் படிச்சே?"ன்னு கேட்கிறாங்க. கடைசி வாரம் என்ன பண்ணினேன்னு யாரும் கேட்கலை. எனக்கு அதுதான் முக்கியமாத் தெரியுது. அந்த ஏழு நாள்ல அஞ்சை ஊர்ல, கொல்லிமலை செம்மேட்டுல, மிளகு பறிப்புக்கு நடுவுல கழிச்சேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முதலீடு, போர்ட்ஃபோலியோ துறைக்கான பரீட்சை இது. 1963ல ஆரம்பிச்சது, மொத்தம் மூணு லெவல். டிகிரி முடிக்க 23 மாசத்துக்குள்ள இருந்தா நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்களும் முதல் லெவல் எழுதலாம். 180 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் மூணு ஆப்ஷன், நெகட்டிவ் மார்க் கிடையாது. ஃபார்முலா ஷீட்டும் கிடையாது. எழுதுறவங்கள்ல பாதிக்கு மேல ஃபெயில். ஃபெயிலானா மறுபடி முழு ஃபீஸ், அதுவும் டாலர்ல. எங்க வீட்டுல அந்தப் பணம் முந்தின வருஷ மிளகு வித்த காசு. (கஷ்டப்படுறவங்களுக்கு ஃபீஸ் குறைக்கிற ஆக்சஸ் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு இருக்கு. ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே அதைப் பாருங்க.)

"ஹாஸ்டல்லயே இரு, இங்க வந்தா படிக்க முடியாது"ன்னு அம்மா போன்ல சொன்னாங்க. நான் பஸ் ஏறிட்டேன். பிப்ரவரி பறிப்புக் காலம், ஆள் கிடைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கடைசி வாரம் ஹாஸ்டல் ரூம்ல "ஏய், இந்தச் சாப்டர் பார்த்தியா?"ன்னு ஒருத்தர் கேட்டா போதும், ராத்திரி ஒரு மணிக்குப் புதுப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துடுவோம். புது விஷயம் எதையும் தொடறதில்லைங்கிறதுதான் என்னோட முதல் முடிவு. அதைக் காப்பாத்த 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி இருக்கிற ஊரை விட நல்ல இடம் எனக்குத் தெரியலை.

ரெண்டாவது முடிவு, திரும்பத் திரும்ப வாசிக்கிறதை நிறுத்துறது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை பண்ணினாங்க. மாணவர்கள்ல ஒரு குழு ஒரு பகுதியை நாலு தடவை வாசிச்சது. இன்னொரு குழு ஒரு தடவை வாசிச்சுட்டு, மூணு தடவை பார்க்காம எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ வாசிச்ச குழுதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா, வாசிச்சவங்களுக்கு 40 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பார்த்தவங்களுக்கு 61. நமக்குத் தேவை அந்த ஒரு வாரக் கணக்குதான்.

அதனால காலையில நாலரைக்கு எழுந்திருப்பேன். மலைக்குளிர்ல விரல் விறைச்சுப் போயிருக்கும். வெள்ளைத்தாள் ஒண்ணு எடுத்து, புத்தகத்தைத் தொடாம ஃபார்முலா எல்லாம் எழுதணும். எங்கே கை நிக்குதோ அங்கே சிவப்பு வட்டம். அன்னிக்கு அந்த வட்டங்களை மட்டும் படிப்பேன். முதல் நாள் தாள் முழுக்க சிவப்பு, நாலாவது நாள் ஆறேழு வட்டம்.

ஒன்பது மணிக்கு மேல வேலை. எங்க மிளகுக்கொடி எல்லாம் சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்டது. அப்பா ஏணியில ஏறிப் பறிச்சுப் போடுவார், நானும் தம்பியும் கீழே சரத்திலிருந்து மிளகை உதிர்ப்போம். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். மாக் டெஸ்ட்ல எனக்குத் தப்பான கேள்விகளை மட்டும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அதைப் பார்த்து அவன் கேட்பான், நான் பதில் சொல்லணும். "ட்யூரேஷன்"ங்கிற வார்த்தையை அவன் தினம் ஒரு விதமா வாசிச்சான். ஆனா பதில்ல ஒரு வார்த்தை மாறினாலும் விடமாட்டான். அவன் மாதிரி எக்ஸாமினர் காசு கொடுத்தாலும் கிடைக்கமாட்டாங்க.

ஒரு நாள் ஃபார்வர்ட் விலை வந்துச்சு. மேலே ஏணியிலிருந்து அப்பா, "அது என்ன கண்ணு?"ன்னார். சொன்னேன்: இன்னிக்குக் காய்ஞ்ச மிளகுக்கு ஒரு விலை இருக்கு. ஆறு மாசம் கழிச்சு டெலிவரி கொடுக்க இன்னிக்கே விலை பேசணும்னா, இன்னிக்கு விலையோட ஆறு மாச வட்டியையும், மூட்டையை வச்சிருக்கிற செலவையும் சேர்க்கணும். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "மழைக்காலத்துல பூஞ்சை பிடிச்சா யார் கணக்கு?"ன்னார். புத்தகத்துல அது ஒரு வரியில 'இருப்புச் செலவு'ன்னு முடிஞ்சிடும். அந்தச் சாப்டர் அதுக்கப்புறம் எனக்கு மறக்கவே இல்லை.

எதிக்ஸுக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரம் தனியா வச்சேன். 15ல இருந்து 20 சதவீதம், அதாவது குறைஞ்சது 27 கேள்வி. பலர் "பொது அறிவுதானே"ன்னு விட்டுடறாங்க. ஏழு ஸ்டாண்டர்ட் இருக்கு, மூணு ஆப்ஷன்ல ரெண்டு எப்பவும் நியாயமாத்தான் தெரியும். கடைசி வாரம் படிச்சா அப்படியே மார்க்கா மாறுற பாடம் இதுதான்னு நினைக்கிறேன். பரீட்சையில வந்த கேள்வியை வெளியே சொல்லக் கூடாதுங்கிறதும் அந்த ஏழாவது ஸ்டாண்டர்டுலதான் வருது. அதனால இந்தக் கட்டுரையில ஒரு கேள்வியும் தேடாதீங்க.

கால்குலேட்டர். பி.ஏ. டூ பிளஸ் வச்சிருக்கிறவங்க தினம் காலையில இதைப் போட்டுப் பாருங்க: என் 5, ஐ பை ஒய் 10, பி.எம்.டி. 80, எஃப்.வி. 1000. பி.வி. மைனஸ் 924.18 வரணும். வரலைன்னா பழைய எண் ஏதோ உள்ளே உட்கார்ந்திருக்கு, இல்லைன்னா பி.ஜி.என். மோடுல இருக்கு. பேட்டரியும் புதுசா மாத்திடுங்க.

முழு மாக் டெஸ்ட் ஒண்ணே ஒண்ணு, பரீட்சைக்கு நாலு நாள் முன்னாடி. ஒரு செஷனுக்கு 135 நிமிஷம், 90 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிஷம். தம்பி போன் டைமரைப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருந்தான். அதுக்கப்புறம் மாக் தொடலை. மார்க் குறைஞ்சா தூக்கம் போயிடும், அதைச் சரி பண்ண நாளும் இருக்காது.

ரெண்டு நாள் முன்னாடியே மலை இறங்கினேன். வளைவுல எனக்குத் தலை சுத்தும், அந்தத் தலையோட யாரும் பாண்ட் கணக்கு போட முடியாது. சேலத்துல ஏற்காடு எக்ஸ்பிரஸ், காலையில சென்னை. பரீட்சைக்கு முந்தின நாள் சென்டருக்கு ஒரு தடவை போய் வழி பார்த்துட்டு வந்தேன். பாஸ்போர்ட்டை ரெண்டு தடவை தொட்டுப் பார்த்துட்டு ஒன்பதரைக்குப் படுத்துட்டேன்.

ரெண்டு செஷனுக்கும் நடுவுல இடைவேளை உண்டு. வெளியே வந்தவங்க பாதிப் பேர் போன நேரத்துக் கேள்வியையே முகத்துல வச்சிருந்தாங்க. நான் லாக்கர்ல இருந்து அம்மா கொடுத்துவிட்ட மலைவாழைப்பழம் ரெண்டை எடுத்து, யாரோடவும் பேசாம ஒரு மூலையில நின்னு சாப்பிட்டுட்டு, நேரம் முடியறதுக்கு முன்னாடியே உள்ளே போயிட்டேன்.