வெறும் வயிற்றுக் குறிப்புகள்

சீட்டில் ‘ஓஜிடி’, அதாவது வாய் வழியே இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, என்று எழுதிவிட்டு, “ஒண்ணுமில்லம்மா, ஒரு ஸ்கோப் போட்டுப் பாத்துருவோம்” என்பார் டாக்டர். ரத்தப் பரிசோதனைக்கு எழுதும்போதும் இதே குரல்தான். தினமும் காலையில் வரிசையாகப் பத்துப் பேருக்குப் போடுகிறவர், அந்தக் குரலில் பொய் கிடையாது. ஆனாலும் “ஒண்ணுமில்ல” என்பதை விட்டுவிட்டு, என்ன நடக்கும் என்று இரண்டு நிமிஷம் சொன்னால் நோயாளி அன்றைக்கு ராத்திரி தூங்குவார்.

*

எனக்கு ஸ்கோப் என்று தெரிந்ததும் சொந்தத்தில் ஆளுக்கொரு கதை. சின்ன மாமனாருக்குப் போட்டபோது அவர் குழாயைக் கையால் பிடித்து இழுத்துவிட்டாராம். எதிர்வீட்டு அக்கா “உசுரு போயி உசுரு வந்துச்சு” என்றார். விசாரித்தால் அவருடைய மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின சங்கதி. மகளுக்கே இப்போது கல்லூரி போகும் பையன் இருக்கிறான்.

ஒன்றும் ஆகாதவர்களிடம் சொல்லக் கதை இருப்பதில்லை. கொழுந்தனார் போன வருஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பதே நான் வாயைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. “ஆமா மதினி, போட்டாங்க, வந்துட்டேன்.” இதைக் கேட்டு யார் பயப்படுவார்கள், யார் ஊர் பூராவும் சொல்வார்கள்?

*

பயந்தவளிடம் விவரம் சொல்லலாமா கூடாதா என்பதில் இரண்டு கட்சி உண்டு. நான் விவரக் கட்சி. தெரிந்துகொண்டது: குழாயின் தடிமன் 9, 10 மில்லிமீட்டர், சுண்டுவிரலுக்குள் அடங்கும். நீளம் 1 மீட்டர் அளவு, அத்தனையும் உள்ளே போகாது. உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் ஆரம்பம், அதோடு சரி. வெறுமனே பார்ப்பதற்கு 5 முதல் 10 நிமிஷம். சதைத் துணுக்கு எடுத்தால் வலிக்காது. இரைப்பையின் உள்தோலுக்குக் கிள்ளுவது உறைக்காது. ஊதினால், இழுத்தால்தான் உறைக்கும். ஓட்டை விழுவது போன்ற பெரிய சிக்கல், பார்ப்பதற்கு மட்டும் போடும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

இத்தனையிலும் எனக்கு உதவியது ஒன்றுதான். மூச்சுப் போகும் வழி வேறு, குழாய் போகும் வழி வேறு. எண்டோஸ்கோபி என்றதும் நெஞ்சு அடைப்பது வலியை நினைத்து இல்லை, மூச்சு முட்டிவிடுமோ என்றுதான். குழாய் உள்ளே இருக்கும்போதும் மூக்கு தன் பாட்டுக்கு வேலை பார்க்கும். இதைக் கவுண்டரில் டோக்கன் கொடுக்கும்போதே சொல்லலாம். செருப்பைக் கழற்றிவிடவும் என்று எழுதி ஒட்டுகிறார்கள், இதை ஒட்ட மாட்டேனென்கிறார்கள்.

*

நம் தொண்டை ஒத்துழைக்காது என்பது இந்த வைத்தியத்தின் மூத்த பிரச்னை. 1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மாவுல் என்ற மருத்துவர் வளையாத குழாயை இரைப்பை வரைக்கும் இறக்கிப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த ஆள், வாள் விழுங்கும் வித்தைக்காரர். சாதாரண மனுஷர் யார் சம்மதிப்பார்? கொஞ்சம் வளைகிற குழாய் 1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் கையில் வந்தது. தொண்டைக்குத் தோதாக முழுக்க வளைகிற குழாய்க்கு 1957 வரை ஆயிற்று. கண்ணாடி இழை வழியே ஒளியைக் கொண்டுபோகும் அந்தக் கருவியை அமெரிக்காவில் செய்த பாசில் ஹிர்ஷோவிட்ஸ், நோயாளிக்குப் போடும் முன் தன் தொண்டையிலேயே இறக்கிக்கொண்டார். அவருக்கு வழிகாட்டிய கட்டுரை 1954-ல் வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி.

1984-ல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் இன்னும் ஒரு படி மேலே போனார். அல்சருக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமிதான் என்று நிரூபிக்க, அதை வளர்த்துக் குடித்தே விட்டார். குடிப்பதற்கு முன்னும் பின்னும் தனக்கே எண்டோஸ்கோபி எடுக்கச் சொன்னார். 2005-ல் சக ஆய்வாளர் ராபின் வாரனோடு சேர்த்து நோபல் கொடுத்தார்கள். இந்த ஆட்களைப் பற்றிப் படித்தது எனக்குத் தைரியம் கொடுத்தது என்று சொல்ல முடியாது. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

*

தொண்டையை மரக்கவைக்கும் ஸ்ப்ரே மட்டுமா, ஆளை அமர்த்தும் ஊசியும் உண்டா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். பல இடங்களில் நாமாகக் கேட்காவிட்டால் ஸ்ப்ரேதான். மிடாசோலம் ஊசி போட்டால் ஆளை முழுக்க அமர்த்தாவிட்டாலும் நடந்ததில் பாதி நினைவில் நிற்காது. புரோபோஃபோல் என்றால் மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் இருப்பார், பில்லும் அதற்கேற்ப ஏறும். ஊசி போட்டால், துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது, பத்திரம் கித்திரம் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது.

நான் ஊசி வேண்டாமென்றேன். வீரம் எதுவும் இல்லை. நினைவு தப்புவது எனக்குக் குழாயைவிடப் பெரிய பயம். நேர்மாறான ஆட்களும் உண்டு. அவர்கள் வெட்கப்படாமல் ஊசி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். “சின்னப் புள்ளைங்களே சும்மா போட்டுக்குது” என்று யாராவது சொன்னால் அது அந்தப் பிள்ளைகளின் சமாச்சாரம்.

*

முதல் நாள் ராத்திரி. திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தண்ணீர் எதுவரை என்று அவர்கள் சொல்வார்கள். பட்டினி பெரிதில்லை, காலைக் காபி இல்லாததுதான் தலைவலி, நிஜமான தலைவலி. பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாமா, சர்க்கரைக்கு இன்சுலின் எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை என்ன செய்வது, இதையெல்லாம் சீட்டு வாங்கும் அன்றே கேட்காவிட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு நினைவு வரும். சர்க்கரை உள்ளவர்கள் முதல் டோக்கனாகக் கேட்கலாம், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

தூக்கம் வராத நேரத்தில் போனைத் தொடாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்ல யோசனை. யார் கேட்கிறார்கள்.

*

ஸ்ப்ரே கசக்கிறது. அடித்த சற்று நேரத்தில் தொண்டை மரத்து, எச்சில் விழுங்கினால் போனதா நின்றதா தெரியவில்லை. பதற்றம் உச்சத்துக்குப் போனது இங்கேதான். குழாய் இன்னும் அறைக்குள்ளேகூட வரவில்லை. மரத்த தொண்டை அடைத்த தொண்டை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். தலைமாட்டில் நின்ற சிஸ்டர் என்னைவிட இருபது வயது சின்னவள். “அக்கா, மூச்ச மூக்கால இழுத்து மெதுவா விடுங்க. எச்சிய முழுங்காதீங்க, அப்படியே வழியட்டும், துணி போட்டுருக்கேன்.” குழாய் நாக்கைத் தாண்டியதும் “ஒரே ஒரு தடவ முழுங்குங்க” என்றார் டாக்டர். அந்த இடம் மோசம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஓங்கரித்து, கண்ணில் நீர் வழிந்து, இரண்டு மூன்று மூச்சுக்குள் அடங்கியது. பிறகு வயிற்றில் காற்று நிரப்பினார்கள். ஏப்பம் ஏப்பமாக வந்தது. அடக்கச் சொன்னார், அடங்கவில்லை.

*

இந்தப் பயத்தில் பாதி மானம் போய்விடுமோ என்பது. வேற்று ஆட்கள் முன்னால் எச்சில் ஒழுக, ஓங்கரித்து, சத்தமாக ஏப்பம் விட்டுக் கிடப்பது. சாப்பிடும்போது வாயை மூடி மெல்லு என்று வளர்க்கப்பட்ட பொம்பளைப் பிள்ளைக்கு இது லேசில் வராது. அங்கே இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் கணக்கிலேயே இல்லை. வழியவிட்டால் பாதி ஓங்கரிப்பு குறைகிறது. அடக்கி விழுங்கப் பார்ப்பவர்களுக்குத்தான் புரை ஏறுகிறது. அந்தச் சிஸ்டர் தன் கையை என் தோளிலிருந்து கடைசிவரை எடுக்கவில்லை. மானிட்டரில் ஓடியதைவிட அது எனக்கு முக்கியமாக இருந்தது.

*

பிறகு மரமரப்பு போகும்வரை எதுவும் வாயில் வைக்கக்கூடாது. முதலில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துப் பார்த்து, சரியாக இறங்கினால் மற்றதெல்லாம். சூடு வேண்டாம். அன்றைக்குக் குழைந்த சோறும் மோரும் போதும். தொண்டைக் கரகரப்பும் வயிற்று உப்பலும் ஓரிரு நாளில் போய்விடும். நெஞ்சிலோ வயிற்றிலோ கடும் வலி, ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், காய்ச்சல், மூச்சுத் திணறல், விழுங்கவே முடியாமை, இவை வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

*

ரிப்போர்ட்டில் இளஞ்சிவப்புப் படங்கள். ‘கிரேடு ஏ’ என்று படித்ததும் எனக்கு ஏதோ முதல் வகுப்பு வியாதி என்று பட்டது. அது உணவுக்குழாய்ப் புண்ணுக்கான லாஸ் ஏஞ்சல்ஸ் அளவுகோல். ஏ-யில் ஆரம்பித்து டி வரை போகும், ஏ என்றால் இருப்பதிலேயே லேசு. துணுக்கு எடுத்தார்கள் என்றாலே புற்று என்று நினைத்துவிடுகிறோம். என்னிடம் எடுத்தது அந்த அல்சர் கிருமிப் பரிசோதனைக்கு: மஞ்சள் மருந்தில் போடுவார்கள், கிருமி இருந்தால் ரோஸ் நிறமாகும். ஆகவில்லை.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் ஒரு ஏமாற்றம் வந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இத்தனை மாசம் எரிந்ததும் உப்பியதும் பொய்யா? பொய்யில்லை. செரிமானத் தொல்லைக்காக ஸ்கோப் போடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணோ கட்டியோ இருப்பதில்லை. குடலுக்கென்றே பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை மூளையோடு ஓயாமல் பேசுகின்றன. சத்தம் கூடிப்போனால் சாதாரண அசைவும் வலியாகத் தெரியும். குழாயின் கேமராவில் அது விழாது. இதற்கு டாக்டர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், கடைக்காரர் “மனசுக்குக் குடுக்குறதாச்சே” என்று இழுத்தால், மாத்திரையை அங்கேயே வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. எழுதினவரிடமே போய்க் கேட்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றுமில்லையே என்று, பின்னாளில் வரும் நெஞ்சு வலியைக் கேஸ் என்று சோடா குடித்து ஆற்றக்கூடாது. இது இரைப்பைக்கான ரிப்போர்ட். இதயத்துக்கு ஈசிஜி வேறு.

*

தொண்டை ஆறிய பிறகும் தொண்டையைக் கவனிக்கும் பழக்கம் போகவில்லை. ஏதோ உருண்டை நிற்பதுபோல் இருக்கும். சாப்பிடும்போது இருக்காது, சும்மா உட்கார்ந்தால் வரும். சோறு தடையில்லாமல் இறங்குகிறதே என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு நானே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

மறுபடி போனபோது, “அடுத்த வருஷமும் ஒரு தடவ பாத்துக்கலாமா டாக்டர்?” என்று கேட்டேன். குழாய்க்கு அத்தனை பயந்தவள்தான். அவர் நிமிர்ந்து பார்த்து, “எதுக்கு?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அமிலத்தைக் குறைக்கப் போட்டுவந்த பான்டாபிரசோலை எப்படிக் குறைப்பது என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நிறுத்தின புதிதில் சில வாரம் அமிலம் முன்னைவிடக் கூடுதலாகச் சுரக்கலாம், வியாதி திரும்பிவிட்டது என்று ஓடிவர வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னபடியே எரிந்தது. நான் ஓடவில்லை, ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துக்கொள்கிறேன்.