ஆட்டம் முடிந்த பின்

பழம்பெருங் கல்லூரிகளுக்குப் பழம்பெரும் ஆட்டங்கள் உண்டு. கொழும்பில் றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 இல் பொருதத் தொடங்கின. அங்கு பயில்வோர் தம் கல்லூரியின் வரலாற்றை ஆட்டத்தோடு சேர்த்தே பெறுகின்றனர்.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் கற்றுப் பட்டம் பெற்ற வரிப்பத்தான்சேனை இளைஞன் ஒருவனுக்கு அத்தகைய மரபுரிமை வாய்க்கவில்லை. வயல்வெளிகளைக் கடந்து கடற்கரையை நோக்கிச் சென்ற அவன் கண்டது, தன்னினும் வயதிற் குறைந்த ஒரு பல்கலைக்கழகத்தையே.

ஊர்ப் பெரியோர் 1996 மார்ச் 17 ஆந் திகதியை மறந்தாரல்லர். அன்று லாகூரில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவை ஏழு விக்கட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது பெற்ற 107 ஓட்டங்களையும் வீழ்த்திய மூன்று விக்கட்டுகளையும் அவர்கள் நேற்று நடந்தனபோல் விவரிப்பர். ஆயின், அதே காலத்திலேதான் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் பிறந்தது என்பதை எடுத்துரைப்போர் சிலரே.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது கிழக்கில் தமிழ், முஸ்லிம் மக்களிடையே பிளவு ஆழமாயிற்று. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்ற முஸ்லிம் மாணவர் பலர் அங்கு கல்வியைத் தொடர இயலாது தவித்தனர். அத்தவிப்பின் விளைவாக, எம். எச். எம். அஷ்ரபின் பெருமுயற்சியால், 1995 ஒக்டோபர் 23 இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று உதயமாயிற்று. 1996 மே 15 இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. பிரிவின் துயரிற் கால்கொண்ட அந்நிறுவனத்தில் இன்று முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் ஒருங்கே கற்கின்றனர்.

2014 ஏப்ரல் 6 இல் டாக்காவில் இலங்கை அணி இந்தியாவை வென்று இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தைப் பெற்றது. விடுதிப் பொதுவறையில் அவனும் சிங்களத் தோழரும் ஒருவரையொருவர் தழுவி ஆர்ப்பரித்தனர். இனம், மொழி என்பன அவ்விரவில் எவர் நினைவிலும் இல்லை. இரு மாதங்கள் கழிந்தன. ஜூன் 15 இல் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கெதிரான வன்முறை வெடித்தது. அதே பொதுவறையில் செய்தி கேட்டு அமர்ந்திருந்தோர் ஒருவர் முகத்தை மற்றவர் நோக்கவில்லை. வெற்றியின் களிப்பு அம்மௌனத்தைக் கலைக்கப் போதுமானதாயில்லை.

இரவு நெடுநேரம் சென்றபின் மாத்தறையைச் சேர்ந்த தோழன் அவன் அறைக்கு வந்தான். "மச்சான், வீட்டுக்குக் கதைச்சியா? உம்மா பயந்திருப்பாங்க" என்று தனக்குத் தெரிந்த தமிழிற் கேட்டான். பின்னர், இந்தக் கடற்கரையிற் பல்கலைக்கழகம் எவ்வாறு தோன்றியதென வினவினான். 1990 இன் கதை அவ்வறையிற் சொல்லப்பட்டது. மாத்தறையான் தன் ஊர் 1989 இற் கண்ட அச்சத்தைத் தான் கேட்டறிந்தவாறு கூறினான். விளையாட்டுப் பற்றிய பேச்சு அன்றிரவு எழவேயில்லை.

விளையாட்டு மனிதரை ஓரிடத்திற் கூட்டுகிறது; அது சிறிய நன்மையன்று. எனினும் ஒன்றாய் ஆரவாரிப்பதற்கு ஒரே அணி போதும். ஒன்றாய் வாழ்வதற்கோ ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் அறிந்திருத்தல் வேண்டும். லாகூர் வெற்றியின் ஓட்டக்கணக்கை ஒப்புவிக்கும் ஊர்ச் சிறுவர்க்கு அப்பட்டதாரி இன்று ஒக்டோபர் 23 இன் கதையையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறான்.