பரவையும் பந்தய மைதானமும்

அமெரிக்க தேசத்தில், பிளாரிடா ராஜ்யத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டு என்று ஓர் உல்லாச நகரம் இருக்கிறது. ராட்டினங்களும் விசித்திர மாளிகைகளும் நிறைந்த அவ்விடத்தில் 1994-ஆம் ஆண்டில் மாரத்தான் ஓட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஜனவரி மாதத்தில் நடைபெறும் அவ்விழாவுக்கு ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். 5 கிலோமீட்டர் ஓடுகிறவர் உண்டு, 42.195 கிலோமீட்டர் ஓடுகிறவரும் உண்டு. விடியற்காலையில் ஓடிவிட்டு மாலையில் ராட்டினம் ஏறுவார்களாம். இந்தச் செய்தியையும் படங்களையும் நம் புதல்வன் எங்கேயோ பார்த்துவிட்டு, “நாமும் அப்படிப் போனால் என்ன, அப்பா?” என்று ஆரம்பித்தான்.

பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளம் எங்கே, பிளாரிடா எங்கே! ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை அப்படி ஒன்றும் தூரமில்லை. மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில், பரவையில் “அதிசயம்” என்னும் உல்லாசப் பூங்கா இருக்கிறது. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரையில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடைபெற இருந்தது. சனிக்கிழமை பரவை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்று முடிவாயிற்று. ஓடப்போவது நாம் அல்ல என்பதை நேயர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நாற்பது வயதைத் தாண்டிய சரித்திர ஆசிரியர் ஓடுவது பஸ்ஸைப் பிடிப்பதற்கு மட்டுந்தான்.

ஓட இருந்தவள் நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண். தாய் தந்தையர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். அப்பத்தாவின் பராமரிப்பில் கிராமத்தில் வளர்கிறாள். அவளுடைய கால்களின் வேகத்தைக் கண்ட உடற்பயிற்சி ஆசிரியர் விளையாட்டு விடுதிக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் அந்த விடுதிகளில் உணவும் உறையுளும் பயிற்சியும் இலவசம். அப்பத்தா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். “வயசுக்கு வந்த பிள்ளை ஊர் பார்க்க ஓடுறதாவது, வாத்தியாரய்யா!” என்பது அவள் கட்சி.

இதில் நாம் தலையிட்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல் ஓடக்கூடிய ஒரு பெண் பத்தாம் வகுப்போடு நின்றாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் தகப்பனார் வந்தபோது, “ஏன் ஐயா நிறுத்துகிறீர்கள்?” என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துக் கையில் கொடுத்து அனுப்பினோம். அந்தப் பெண்ணைப் பிறகு ஒரு முறை ஜவுளிக் கடை வாசலில் இடுப்பில் குழந்தையுடன் கண்டோம். அவள் சந்தோஷமாகத்தான் சிரித்தாள். நமக்குத்தான் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. ஆகவே இம்முறை, “கையெழுத்து இருக்கட்டும், பெரியம்மா, நீங்களே வந்து ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றோம். பேத்தியைத் தனியே அனுப்ப மனமில்லாததால் கிழவி சம்மதித்தாள்.

சனிக்கிழமை அதிகாலையில் புறப்பட்டோம். காரியாபட்டி வரையில் இருபுறமும் கரிசல் காடு; பருத்தியும் மல்லியும் விளைந்த இடம் போக மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம். வலையங்குளம் தாண்டிப் பெருங்குடியை நெருங்கும்போது, தலைக்கு மேலே ஓர் ஆகாய விமானம் இறங்கிற்று. நம் மகள் கைதட்டினாள். அப்பத்தாவோ ஜன்னல் வழியே ஒரு கண்மாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தண்ணி கிடக்கே!” என்றாள். மானாவாரி பூமியில் பிறந்தவளுக்கு அதுதான் அதிசயம்.

மதுரையில் இறங்கியவுடன் ஒரு புத்திசாலித்தனம் செய்தோம். அதாவது, அப்பொழுது அப்படி நினைத்தோம். பெண் வெறுங்காலுடன் ஓடிப் பழகியவள். பெரிய ஊரில் தார்ச் சாலையில் அப்படி ஓடலாமா? கடைக்குள் நுழைந்து ஒரு ஜோடி ஓட்டப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். அவள் அதைப் பெட்டியோடு மார்பில் அணைத்துக்கொண்டாள்.

பரவைக்குப் போகும் வழி நமக்குப் பிடித்த வழி. விளாங்குடியில் மைத்துனர் வீட்டில் மூட்டைகளை வைத்துவிட்டுப் புறப்பட்டால், சமவெளியின் தெற்கு விளிம்பில் வைகைக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடப்பது தெரியும். மலைக்கும் ஆற்றுக்கும் இடையே வயலும் தென்னையும். ஒரு நாழிகை நின்று பார்க்கத் தகுந்த காட்சி. ஆனால் பூங்காவின் நுழைவாயிலைக் கண்டுவிட்ட குழந்தைகளிடம் மலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

உள்ளே இருந்தவற்றை விவரமாக எழுதப் போவதில்லை. சுற்றுவது, சறுக்குவது, தூக்கிப் போடுவது என்று மனிதர்களைக் கலக்குவதற்குப் பல யந்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் ஏறி இறங்கிய நமக்குச் சற்று நேரம் திசை தெரியவில்லை. செயற்கை அலை புரளும் குளத்தில் கடலையே பார்த்திராத சிறுவர்கள் கும்மாளமிட்டதைக் கண்டபோது, நுழைவுக் கட்டணத்தை எண்ணி உண்டான வருத்தம் பாதி தீர்ந்தது. அப்பத்தா மர நிழலில் எல்லாருடைய செருப்புகளுக்கும் காவலாக உட்கார்ந்தாள். முன்னாளில் தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்கு வந்து ராட்டினம் ஏறியதுண்டாம். அதற்குப் பிறகு இப்போதுதான் ராட்டினத்தைப் பார்க்கிறாளாம். “இவ்வளவு தண்ணியையும் எந்தக் கண்மாயிலிருந்து இறைக்கிறாங்க?” என்று கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை.

பெண் மட்டும் எதிலும் ஏறவில்லை. “நாளைக்குக் கால் வேணும், சார்” என்று சொல்லிவிட்டு, புதுப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடை பழகினாள்.

அன்றிரவு கிழவியிடம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியின் கதையைச் சொன்னோம். மதுரைக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. இளவயதிலேயே பெற்றோரை இழந்த ரேவதியையும் தங்கையையும் பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். பேத்திகளை வேலைக்கு அனுப்பும்படி உற்றார் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலுடன் ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டெடுத்து, மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர்வதற்கும் உதவினார். பாட்டி அவரிடமும் முதலில் முடியாது என்றுதான் சொன்னாராம். 2021-ஆம் ஆண்டில் 400 மீட்டர் தகுதி ஓட்டத்தை 53.55 விநாடியில் ஓடி முடித்த ரேவதி, அவ்வாண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் பாரதத்துக்காக ஓடினார். நம் அணி இறுதிப் பந்தயத்துக்குச் செல்லவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னோம்.

அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அந்தப் பாட்டிக்கு நிலம் கிடந்துச்சா?” என்றாள்.

“இல்லை, பெரியம்மா. கூலி வேலைதான்.”

“உம்” என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முற்காலத்தில் குதிரை ஓடிய இடத்தில் இன்று மனிதர்கள் ஓடுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. டாக்டர்கள், போலீஸ்காரர்கள், கல்லூரி மாணவிகள், பேரன் பேத்தி எடுத்த அம்மாள்மார்கள் எல்லாரும் மார்பில் எண் கட்டி நின்றார்கள். தன் வயதுடைய ஓர் அம்மாள் கால்சட்டையோடு குனிந்து நிமிர்வதை அப்பத்தா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். நாம் ஒன்றும் பேசவில்லை.

ஓட்டம் தொடங்கியதும் அவளை அழைத்துக்கொண்டு காந்தி மியூசியத்தின் பக்கம் போய்ச் சாலையோரம் நின்றோம். ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம் அது. 1959-ஆம் ஆண்டு முதல் காந்தியடிகளின் நினைவுக் காட்சிசாலையாக இருக்கிறது. 1921 செப்டம்பரில் இந்த மதுரையில்தான் மகாத்மா மேலாடையைத் துறந்து முழத்துண்டு உடுத்தார் என்றோம். “ஊரார் சிரிக்கலையா?” என்று கேட்டாள். சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று சொல்லி முடிக்கும் முன்பே ஓட்டக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

முன்னணியில் நம் பெண்ணைக் காணோம். ஐம்பது பேர், அறுபது பேர் கடந்தார்கள். நமக்கு நெஞ்சு உலர்ந்தது. பிறகு வந்தாள், நொண்டிக்கொண்டு வந்தாள். நமக்கு உடனே விளங்கிற்று. பழகாத புதுப் பூட்ஸை ஓட்டத்தன்று போடலாகாது என்பது ஓடுகிறவர்கள் எல்லாரும் அறிந்த பால பாடம். சரித்திர வாத்தியாருக்கு அது தெரியவில்லை. குதிகாலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. நம்மைக் கண்டதும் நின்றாள், “வேணாம், வந்துடு!” என்று கூப்பிட வாயெடுத்தோம். அதற்குள் அப்பத்தா நமக்கு முன்னால் சாலைக்குள் இறங்கி, “அந்தச் சனியனைக் கழட்டு, தாயி!” என்று கூவினாள்.

பெண் சாலையிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். பின்பு எழுந்து ஓடினாள். அதுவல்லவா ஓட்டம்! கரிசல் காட்டில் மழைக்கு முன்னால் ஆட்டைப் பற்றிக்கொண்டு வீடு திரும்புகிற ஓட்டம். கண்மூடித் திறப்பதற்குள் பத்துப் பேரைத் தாண்டி, அவள் வளைவில் மறைந்தாள்.

நாம் மைதானத்துக்குத் திரும்பியபோது அவள் முன்பே வந்து சேர்ந்திருந்தாள். பெண்களில் பதினான்காவது. பரிசு இல்லை, வந்தவர் அனைவருக்கும் கொடுத்த பதக்கம் ஒன்று கழுத்தில் தொங்கிற்று. கையில் பூட்ஸ் ஜோடி பத்திரமாக இருந்தது. மீதி தூரத்தையும் அதைத் தூக்கிக்கொண்டே ஓடியிருக்கிறாள்!

“விட்டெறிந்துவிட்டு ஓடியிருக்கலாமே, அம்மா!” என்றோம்.

“சார் வாங்கிக் கொடுத்ததாச்சே” என்றாள்.

அப்பத்தா குனிந்து, பேத்தியின் குதிகாலை முந்தானையால் துடைத்தாள். பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஊர் திரும்பும் பஸ்ஸில் காரியாபட்டி வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. நம் குழந்தைகள் பரவை அலைக்குளத்தைப் பற்றிச் சண்டையிட்டு ஓய்ந்து தூங்கிவிட்டார்கள். அப்போது முன் இருக்கையிலிருந்து திரும்பினாள்.

“விடுதியில மூணு வேளையும் சோறு போடுவாங்களா, வாத்தியாரய்யா?”

“போடுவார்கள், பெரியம்மா.”

“ராத்திரி கதவைச் சாத்துவாங்களா?”

“பெண்கள் இருக்கும் விடுதி, சாத்தாமல் இருப்பார்களா? வேண்டுமானால் நாமே நேரில் போய்ப் பார்த்து வருவோம்.”

“பார்த்துட்டுத்தான் கையெழுத்து” என்றாள். வருகிற மாதம் முதல் சனிக்கிழமை நாம் மூவரும் மறுபடியும் மதுரைக்குப் போகிறோம்.